அசோகவனமும் கல்வாரியும்: ருடால்ஃப் ஓட்டோவின் அருள்நெறி ஒப்பீடு குறித்து ஒரு பரிசீலனை

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் ஒரு பொதுத்துறைச் சர்க்கரை ஆலை உள்ளது. சுற்றுவட்டாரத்து உழவர்கள் கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்புகின்றனர்; ஆலை அதை எடைபோட்டு விலை தருகிறது. அவ்விலையை எவரும் அருள் என்று சொல்வதில்லை. காலந்தாழ்ந்து வந்தாலும் அது உழவனுக்குச் சேரவேண்டிய கடன். அதே உழவன் தன் வயலில் பருவத்தே பெய்த மழையைக் கடன் என்று சொல்வதில்லை. அதற்காக அவன் எந்த எடைச்சீட்டையும் காட்டியதில்லை. கூலிக்கும் அருளுக்கும் உள்ள இவ்வேறுபாட்டின் மேலேயே கிறிஸ்தவ சமயத்தின் ஆதி ஆசிரியருள் ஒருவரான பவுல் தம் கொள்கையை நிறுவினார். உழைத்தவனுக்குத் தரப்படுவது கடன் கணக்கில் சேரும், அருட்கணக்கில் சேராது என்பது ரோமாபுரியாருக்கு அவர் எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரக் கருத்து. ஸாத்யோபாயங்களால் பெறும் பேற்றையும், ஸித்தோபாயமான எம்பெருமானே தரும் பேற்றையும் பிரித்துக் காட்டிய ஸ்ரீவைஷ்ணவ ஆசார்யர்களின் திருவுள்ளம் அறிந்தவர்களுக்கு இது புதிய பேச்சாகத் தோன்றாது.

இந்த அணுக்கத்தை முறையாக ஆராய்ந்த ஐரோப்பியருள் முதன்மையானவர் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ருடால்ஃப் ஓட்டோ (1869–1937). லூத்தரன் சபையைச் சேர்ந்த இவர், ஸ்ரீநிவாஸரின் யதீந்த்ரமததீபிகையை 1916ஆம் ஆண்டிலும், எம்பெருமானாரின் ஸித்தாந்தப் பகுதியை 1917ஆம் ஆண்டிலும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இந்தியாவின் அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிடும் அவரது நூல் 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன் 1907ஆம் ஆண்டில் கிரியர்ஸன், பக்திநெறி நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களுக்குக் கடன்பட்டது என்று எழுதியிருந்தார். கடன் வாங்கல் என்ற அவ்வாதத்தை ஏற்காமல், இரு நெறிகளும் தத்தம் மண்ணில் தாமே வளர்ந்து அணுகிவந்தவை என்று கொண்டது ஓட்டோவின் நேர்மை. அந்த நேர்மைக்கு நன்றி பாராட்டிய பின்பே அவர் முடிவுகளைப் பரிசீலிப்பது முறை.

அவர் முடிவுகளைச் சுருக்கினால் இரண்டாக அமையும். முதலாவது: இரு நெறிகளும் சுழலும் அச்சு வேறு. வைஷ்ணவத்தில் அருள் ஸம்ஸார பந்தத்திலிருந்து விடுவிக்கிறது. கிறிஸ்தவத்தில் அது பாபத்திலிருந்தும் குற்றவுணர்விலிருந்தும் விடுவிக்கிறது. இரண்டாவது: இந்தியாவின் அருள்நெறியில் குற்றத்துக்குப் பரிகாரமாகத் தன்னைப் பலியிடும் மீட்பர் இல்லை, கல்வாரி மலை இல்லை, சிலுவை இல்லை.

அபராதமும் ஸ்வரூபமும்

முதல் முடிவு ஸம்ப்ரதாய கிரந்தங்களை முழுவதும் ஆழங்காற்பட்டுக் கண்டதன் விளைவாகத் தோன்றவில்லை. ஆளவந்தார் ஸ்தோத்ரரத்னத்தில் தம்மை அபராதங்களின் இருப்பிடமாகவே விண்ணப்பிக்கிறார். எம்பெருமானார் சரணாகதி கத்யத்தில், செய்த குற்றங்களோடு செய்துகொண்டிருக்கும் குற்றங்களையும் இனிச் செய்யப்போகும் குற்றங்களையும் பொறுத்தருள வேண்டுகிறார். பிள்ளை லோகாசார்யர் அக்ருத்யகரணம், பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் என்று குற்றங்களை வகைப்படுத்தி, ஒன்றினும் ஒன்று கொடிது என்கிறார். இவை விதிமீறல்களாக மட்டும் எண்ணப்பட்டவை அல்ல. அன்புடைய ஒருவனுடைய திருவுள்ளத்தைப் புண்படுத்தியவை என்ற உணர்வு இவற்றின் அடியில் இருக்கிறது. எனவே குற்றவுணர்வு இங்கு இல்லை அல்லது மெலிந்தது என்ற வாதம் நிற்காது.

ஆயினும் ஓட்டோ உணர்ந்த வேற்றுமை முற்றும் பொய்யன்று. அவர் அதைத் தவறான இடத்தில் வைத்தார். மெய்யான வேற்றுமை குற்றத்துக்கும் முந்திய ஸம்பந்தத்தில் இருக்கிறது. கிறிஸ்தவக் கோட்பாட்டில் மனிதன் அருளால் கடவுளின் பிள்ளையாகச் சுவீகரிக்கப்படுகிறான். அவ்வுறவு அருளின் விளைவு. ஸ்ரீவைஷ்ணவத்தில் சேஷ–சேஷி பாவம் முதலான ஒன்பதுவகை ஸம்பந்தமும் அநாதி. அவை ஜீவன் மறந்தாலும் அழியாதவை. அருள் புதிய உறவை உண்டாக்குவதில்லை. மறைந்து கிடந்த உறவை விளங்கச் செய்கிறது. தத்துப்பிள்ளையை வளர்க்கும் தகப்பனின் அன்பு ஒன்று; திருவிழாக் கூட்டத்தில் தவறிப்போன தன் பிள்ளையைத் தேடித் திரியும் தகப்பனின் அன்பு மற்றொன்று. இரண்டில் எது பெரிது என்பது வீண் வாதம். இரண்டும் ஒன்றே என்பதும் பிழை.

குரங்கும் பூனையும்

வடகலை, தென்கலை ஆசார்யர்களின் கருத்துவேறுபாட்டை மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்ற இரு திருஷ்டாந்தங்களால் ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியதில் ஓட்டோவுக்குப் பங்குண்டு. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியைக் கத்தோலிக்கத்துக்கும், தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியை லூத்தருக்கும் ஒப்பிடும் வழக்கம் இதன்பின் பரவிற்று. இவ்வொப்பீடு கேட்க இனிது. இரு பக்கத்தாருக்கும் நியாயம் செய்யாது.

கிறிஸ்தவத்தின் உட்பூசலை முதலில் காணலாம். மனிதன் தன் முயற்சியால் நன்மையில் நிலைக்கக்கூடும் என்று பெலாகியுஸ் கூறினார். முயற்சிக்குரிய விருப்பமும் அருளின் கொடையே என்று மறுத்தார் அகுஸ்தீன் (354–430). 418ஆம் ஆண்டில் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியக் கொள்கையை விலக்கியது. பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் விசுவாசத்தால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்றார். 1547ஆம் ஆண்டில் திரெந்து சங்கம், அருளே முந்துகிறது, மனித சித்தம் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறது என்று வரையறுத்தது. இப்பிணக்கின் பெரும்பகுதியை இரு சபையாரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையொப்பமிட்ட கூட்டறிக்கையால் தணித்துக்கொண்டனர். அருள் முந்துவது என்பதில் இரு தரப்பாருக்கும் ஐயமில்லை; மனித இசைவுக்கு என்ன பெயரிடுவது என்பதிலேயே விவாதம் நின்றது.

ஸ்ரீவைஷ்ணவத்திலும் நிலை அதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஸ்வாமி தேசிகன் ப்ரபத்தியை அருளுக்கு விலையாகச் சொல்லவில்லை. வ்யாஜம் என்றே சொன்னார். அருள் ஸ்வபாவத்தால் உள்ளது. ஒருவனுக்குத் தந்து ஒருவனுக்குத் தராமையால் ஈச்வரனுக்குப் பக்ஷபாதமும் இரக்கமின்மையும் வந்து சேராதபடி ஒரு வ்யாஜம் வேண்டும் என்பதே அவர் கவலை. பிள்ளை லோகாசார்யரும் மணவாள மாமுனிகளும் அந்த வ்யாஜத்தையும் உபாயமாக எண்ணும் ஆபத்தைக் கண்டு, விலக்காமை மட்டுமே ஜீவன் பக்கத்தில் உள்ளது, அதுவும் உபாயமன்று என்றனர். திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியில் ஆழ்வார் வானமாமலைப் பெருமானிடம் தம் ஆகிஞ்சந்யத்தை விண்ணப்பிக்கும் இடம் இவ்விரு பார்வைக்கும் பொதுவான ஊற்று. ஆகவே தேசிகனைக் கூலி கேட்பவராகவும் லோகாசார்யரை முயற்சியை மறுத்த சோம்பராகவும் காட்டும் எந்த ஒப்பீடும் ஸம்ப்ரதாயத்துக்கு அந்நியம். குரங்குக்குட்டி பற்றியிருந்தாலும் மரம்விட்டு மரம் தாவுவது தாயே என்பதை நினைத்தால் திருஷ்டாந்தத்தின் எல்லை விளங்கும்.

ஏலாக்குறிச்சியில் புருஷகாரம்

ஓட்டோ லூத்தரன் சபையினர். அவர் ஒப்பீட்டில் கிறிஸ்தவம் என்பது பெரும்பாலும் மார்பர்க்கிலிருந்து கண்ட கிறிஸ்தவம். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடபுறத்தில் உள்ள ஏலாக்குறிச்சியிலிருந்து நோக்கினால் காட்சி மாறும். இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டில் பிறந்து தமிழகம் வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இவ்வூரில் மரியன்னைக்குக் கோயில் எழுப்பினார். அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர். திருக்காவலூர்க் கலம்பகமும் அடைக்கல மாலையும் இவ்வன்னையைப் பற்றி அவர் செய்தவை. 1726ஆம் ஆண்டைச் சேர்ந்த தேம்பாவணி, வளன் என்று அவர் பெயரிட்ட சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட காப்பியம்.

காவல், அடைக்கலம் என்ற சொற்கள் சரணாகதி சாஸ்திரத்தின் கோப்த்ருத்வ வரணத்தோடு நெருங்கியவை. அருளைக் குறிக்கப் பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இருந்த சொற்களும் கவனத்துக்குரியவை. மரியன்னையை வாழ்த்தும் பழைய செபத்தில் பிரியதத்தம் என்ற சொல் நின்றது. ஞானோபதேச நூல்களில் வரப்பிரசாதம் என்றார்கள். பிரியத்தால் தரப்பட்டது பிரியதத்தம். வரமும் பிரசாதமும் கோயில் வாசலில் பிறந்த சொற்கள். புராடஸ்டண்டு விவிலியம் கிருபை என்ற சொல்லை நிலைநிறுத்தியது. பிற்காலக் கத்தோலிக்கர் அருள் என்ற தமிழ்ச்சொல்லுக்குத் திரும்பினர். வெளிநாட்டுக் கொள்கையைத் தமிழில் சொல்ல வந்தவர்கள், ஆசார்யர்கள் பண்படுத்திவைத்த வயலிலேயே விதைக்க வேண்டியிருந்தது.

மரியன்னையின் பரிந்துரை, பிராட்டியின் புருஷகாரத்தை நினைவூட்டும். ஈச்வரனுடைய ஸ்வாதந்த்ர்யத்துக்கு அஞ்சிய சேதநன் தாயின் வழியாகச் சேர்கிறான். லோகாசார்யரின் மரபில் பிராட்டி ஜீவகோடியில் சேர்ந்தவள், உபாயமாகாதவள், புருஷகாரமே அவள் தனிச்செயல் என்று கொள்வதால், இவ்வொப்புமை அம்மரபினருக்கு மேலும் அணுக்கமாகத் தோன்றலாம். பிராட்டியை விபுவாகவும் பெருமானோடு சேர்ந்த உபாயமாகவும் கொள்ளும் தேசிகன் மரபில் அது அந்த அளவுக்குப் பொருந்தாது. இரு மரபுக்கும் பொதுவான வேற்றுமை ஒன்றுண்டு. மரியன்னை காலத்தில் பிறந்து அருளப்பெற்ற ஒரு மானிடப் பெண். பிராட்டியோ திருமார்பை ஒருபோதும் பிரியாதவள். முன்னவள் அருளைப் பெற்று, பிறருக்காகப் பரிந்து பேசுகிறாள். பின்னவள் இல்லாமல் அருள் என்ற குணமே பெருமானிடம் விளங்குவதில்லை. அடைக்கலம் என்ற சொல்லின் ஒற்றுமையில் மகிழ்பவர் இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும்.

விலையும் துணையும்

இனி இரண்டாம் முடிவு. கல்வாரி இல்லாத அருள் எளிதில் கிடைக்கும் அருள், ஆகவே இலேசானது என்ற எண்ணம் ஓட்டோவின் வாசகர் பலருக்கு எழுந்தது. ஆன்ஸெல்ம் (1033–1109) காலம் முதல் மேலைத் திருச்சபை, குற்றத்தால் கடவுளின் மகிமைக்கு நேர்ந்த குறையை ஈடுசெய்ய ஒரு நிறைவு வேண்டும், அதை மனிதனாகப் பிறந்த கடவுளே தந்தார் என்று விளக்கி வந்தது. நீதி தள்ளப்படவில்லை, அதன் விலையை நீதிபதியே செலுத்தினார். இக்கருத்தின் கனத்தை ஒரு ஸ்ரீவைஷ்ணவ வாசகர் குறைத்து மதிப்பிடலாகாது.

இதற்கு இணையாகக் காகாஸுர வ்ருத்தாந்தத்தை ஆராயலாம். பிராட்டியின் திருமேனியில் அபசாரப்பட்ட காகம் மூவுலகும் திரிந்து புகலற்று வந்து விழுந்தது. அபராதம் பட்டவளே அருகிலிருந்தமையால் அது தலைபெற்றது. அவள் ஸந்நிதி இல்லாமையால், அதனினும் குறைந்த அபராதமுடைய ராவணன் மடிந்தான் என்பது லோகாசார்யர் காட்டும் நயம். புண்பட்டவள் விலை கேளாமல் தானே பரிகிறாள். ஆயினும் விட்ட அஸ்திரம் வீண்போகலாகாது என்று காகம் ஒரு கண்ணை இழந்தது என்பதையும் மறைக்கலாகாது. நீதிக்கு ஒரு பங்கு இங்கும் கொடுக்கப்பட்டது, குற்றவாளியே கொடுத்தான். கல்வாரியில் அதைக் குற்றமற்றவர் கொடுக்கிறார். ஓட்டோவின் பக்கம் நின்று பேசுவோருக்கு இது வலுவான ஆதாரம். ஸம்ப்ரதாயத்தார் இதை ஒப்புக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

மேலே சென்றால் அசோகவனம் எதிர்ப்படும். சிறையிலிருந்த பிராட்டியின் பெருமையைச் சொல்ல வந்ததே ஸ்ரீராமாயணம் என்று ஸ்ரீவசநபூஷணம் கூறுகிறது. ராவணனைப் பொசுக்கும் ஆற்றல் உடையவள் ஏன் பத்து மாதம் சிறையிருந்தாள்? அங்கே சிறைப்பட்டிருந்த தேவமாதர்களின் விலங்கு கழல, தானும் ஒரு சிறைக்கூடத்துள் புகுந்தாள் என்பது பூர்வாசார்யர்கள் கண்ட உட்பொருள். கிணற்றில் விழுந்த குழந்தையை எடுக்கத் தாயும் உடன் குதிப்பது போன்றது என்பர். அந்தச் சிறைவாசத்தில் எவருக்கும் எந்த விலையும் செலுத்தப்படவில்லை. எந்த நீதிமன்றமும் அதைக் கேட்கவில்லை. துன்பம் முழுமையாக இருக்கிறது. அது துணையின் துன்பம். தன்னை வருத்திய அரக்கியரையும் திருவடி தண்டிக்க முற்பட்டபோது அவள் தடுத்து, குற்றம் செய்யாதவர் எவருமில்லை என்றாள். சிறையின் துன்பத்தில் முதிர்ந்த அருள் அது.

ஆகவே ஓட்டோவின் இரண்டாம் முடிவைத் திருத்திச் சொல்லலாம். ஸ்ரீவைஷ்ணவ அருள்நெறியில் விலை இல்லை என்பது உண்மை. வேதனை இல்லை என்பது உண்மையன்று. கல்வாரி, பட்ட கடனைத் தீர்க்கும் மீட்பரைக் காட்டுகிறது. அசோகவனம், கடன் கணக்கைப் பாராமல் சிறைக்குள் வந்து உடனிருக்கும் தாயைக் காட்டுகிறது. வாத்ஸல்யத்தை தோஷ அதர்சநமாகத் தேசிகன் மரபும் தோஷ போக்யத்வமாக லோகாசார்யர் மரபும் விளக்குவது இந்தத் தாய்மையையே. குற்றத்தைக் காணாதவளோ, அதையே இனிதாகக் கொள்பவளோ கணக்குப் புத்தகத்தைத் திறக்கமாட்டாள். திருச்சபையிலும் சிலுவையை விலையாகக் காணாமல் உடனிருப்பாகக் கண்ட பக்தர்கள் உண்டு. அவர்களோடு உரையாட ஸம்ப்ரதாயத்துக்கு நல்ல வாசல் இதுவே.

அருளுக்குப் பின்

ஒப்பீடுகள் எல்லாம் அருளுக்கு முன் என்ன வேண்டும் என்ற கேள்வியிலேயே தங்கிவிடுவதுண்டு. அருள் பெற்றவன் மறுநாள் என்ன செய்கிறான் என்ற கேள்வி இன்னும் கடியது.

எறையூர் என்ற பெயரில் இன்னோர் ஊர் உண்டு. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்த பழைய கத்தோலிக்க ஊர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள், வழிபாட்டிலும் இறுதி ஊர்வலத்திலும் தாங்கள் பிரித்துவைக்கப்படுவதாக முறையிட்டுத் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டினர். 2008 மார்ச் 9 அன்று மூண்ட வன்முறையில் காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். உழைப்பால் பெறாத அருளை ஒரே பலிபீடத்தில் பெற்றவர்கள், பிணம் செல்லும் வழியைப் பிறப்பால் அளந்தனர். அருள் கூலியன்று என்று பவுல் எழுதியதன் பயன் அவ்வூர்த் தெருவை எட்டவில்லை.

இதைப் படித்து ஒரு ஸ்ரீவைஷ்ணவர் நிம்மதி கொள்வாராகில் ஸம்ப்ரதாயத்தை மறந்தவராவார். ஆளவந்தாரின் சிஷ்யர் மாறனேரி நம்பி தாழ்த்தப்பட்ட குலத்தில் தோன்றியவர். அவருக்குப் பெரிய நம்பி தம் கையாலே இறுதிக் கடன் செய்தார். ஊர் அவரை விலக்கியது என்று குருபரம்பரை கூறுகிறது. எம்பெருமானார் வினவியபோது, ஜடாயுவுக்குப் பெருமாள் செய்ததை அவர் எடுத்துக்காட்டினார் என்பர். பாகவதனின் பிறப்பை ஆராய்வதை மிகக் கொடிய அபசாரங்களில் வைத்தது ஸ்ரீவசநபூஷணம். இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டும் ஊர் பெரிய நம்பியை விலக்கியது. அந்த ஊரும் வைஷ்ணவ ஊரே. நிர்ஹேதுக கிருபையை வாதத்தில் நிலைநாட்டியவர்கள் பந்தியில் அதை மறந்த வரலாறு நெடியது.

நிர்ஹேதுகம் என்ற சொல்லின் முழுப்பொருள் இங்கேதான் தெரியவரும். தனக்குக் காரணம் பாராமல் அருள் வந்தது என்று நம்புகிறவன், அடுத்தவனிடம் காரணம் கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறான். கேட்பானாகில், தன் பேற்றுக்கும் ஏதோ ஒரு காரணம், குலமோ ஒழுக்கமோ கல்வியோ, இருந்ததாக உள்ளூர நினைக்கிறான் என்றே கொள்ள வேண்டும். அது எறையூர் ஆலை வாசலில் எடைச்சீட்டோடு நிற்கும் உழவனின் நிலை. அவனாவது தான் விலை கேட்கிறோம் என்பதை அறிந்தவன். அருள் பெற்றேன் என்று சொல்லிக்கொண்டே பிறனை எடைபோடுகிறவன் அதையும் அறியாதவன்.

ஓட்டோ இரு நெறிகளின் அச்சுகளை அளந்தார். அச்சுகள் வேறு என்று கண்டது சரியே. ஆயினும் ஆசார்யர்கள் அனுஷ்டானத்தைக் கொண்டே ஞானத்தை அளந்தனர். அந்த அளவுகோலின் முன் ஏலாக்குறிச்சியில் அடைக்கலம் புகுபவரும் திருவரங்கத்தில் சரணம் புகுபவரும் ஒருங்கே நிற்கின்றனர். மாறனேரி நம்பியைச் சுமந்த பெரிய நம்பியின் கைகள், அருள் இன்னதென்று இரு சாராருக்கும் உரைத்துக்கொண்டிருக்கின்றன.